எந்தக் கோஃபி?

அத்தியாயம் 6

‘இனிய நித்திரை இல்ல’த்தில் பிணங்கள் ஏராளம். கொலை ஒன்றுகூட இல்லை. போலீசில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்திருந்த அராபா எஷுனுக்கு இது ஒரு மனக்குறையாகவே இருந்தது.

“இத்தனை பேர் படுத்திருக்காங்க, ஒரு கத்திக்குத்துகூட இல்லையே ஆன்ட்டி!” என்றான் உதவியாளன் சுமானி, அவள் மனசைப் படித்தவன் போல. “எல்லாரும் ஒழுங்கா வயசாகி, ஒழுங்கா போய்ச் சேர்ந்திருக்காங்க. நம்ம தொழில் எப்படி உருப்படும்?”

“வாயை மூடிட்டு வா. துக்கத்துக்கு வந்தவங்க நிக்கிறாங்க.”

“துக்கமா? அந்த டிரம்பெட்காரன் என்ன வாசிச்சுப் பாக்கறான்னு கேளுங்க. எங்க அக்கா கல்யாணத்துல வாசிச்ச பாட்டு.”

குமாசியில் வெள்ளிக்கிழமை என்றால் செத்தவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாள். அடக்கம் சனிக்கிழமை. அதற்கு முன்தினம், சிவப்பும் கறுப்புமாக உடுத்திக்கொண்டு உறவுக் கூட்டம் வந்து, குளிர் அறையில் வாரக் கணக்கில் காத்திருக்கும் தங்கள் மனிதரை வாங்கிக்கொண்டு போகும். இன்றைக்கும் வந்திருந்தது. ஆனால் போகத்தான் முடியவில்லை. சவ வண்டிகள் வாசலைத் தாண்டி, சவப்பெட்டிக் கடைகளைத் தாண்டி, வாழைக்காய் வறுக்கும் பெண்ணின் அடுப்பு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. வறுவல் நன்றாக விற்றது.

இல்லத்தின் முதலாளி நானா செர்வா வராந்தாவில் நின்றிருந்தாள். நானா என்பது பட்டம். மரியாதைக்குரியவர்களுக்கு ஊர் கொடுப்பது. கறுப்புத் துணியைத் தோளில் சுற்றி, முழங்கை வரை தங்க வளையல் போட்டிருந்தாள். அவள் கையை அசைத்தால் பத்து பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

“கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல, மேடம் எஷுன்,” என்றாள். “குற்றவாளியை நானே கண்டுபிடிச்சிட்டேன். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்.”

“ரொம்ப சௌகரியம்,” என்றாள் அராபா.

விஷயம் இதுதான். போன மாதத்திலிருந்து, இல்லத்தின் கணினி படுத்துவிட்டது. குடும்பத்தார் வந்து பெயரைச் சொன்னால், அந்த மனிதர் எந்த அறையில், எந்தத் தட்டில் இருக்கிறார் என்று கணினிதான் சொல்ல வேண்டும். சொல்லும். ஆனால் மரவள்ளிக்கிழங்கை உரித்து, வேகவைத்து, இடித்து முடிக்கிற நேரம் கழித்துச் சொல்லும். போன வெள்ளியன்று ஒரு குடும்பத்துக்கு ஆள் கைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்து, ஊரில் பந்தல் போட்டவன் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். ‘நானா வீட்டில் செத்தவர்களுக்கும் டிராஃபிக்’ என்று ஊர் சிரித்தது.

நானா கண்டுபிடித்திருந்த குற்றவாளியின் பெயர் செலோம். கணினியைப் பார்த்துக்கொள்ளும் பையன். போட்டி இல்லம் ஒன்றுக்கு வேலை கேட்டுப் போய்விட்டு வந்திருக்கிறான். அது காரணம். கணினி படுத்த அன்றைக்குத் தரவுத்தளத்தில் கை வைத்தவன் அவன் ஒருவன்தான். அது சாட்சி.

“மத்தியானம் தேவாலய மணி அடிச்சதும் இன்ஸ்பெக்டர் அவனைக் கூட்டிட்டுப் போவார்,” என்றாள் நானா. “அதுக்குள்ள நிரூபிச்சிடுங்க.”

“இல்லைன்னு நிரூபணமானா?”

நானா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அதுக்கு நான் உங்களைக் கூப்பிடலையே.”

இன்ஸ்பெக்டர் போவாடு உள்ளே விற்பனைக்கு வைத்திருந்த சவப்பெட்டி ஒன்றின்மேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, அரிசியும் காராமணியும் கலந்த வாக்யேயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அராபாவின் கீழ் வேலை பார்த்தவர். அவளைக் கண்டதும் வாய் நிறையச் சோற்றோடு எழுந்து சல்யூட் அடித்தார்.

“மேடம்! உக்காருங்க. அதுல வேண்டாம், அது புக் ஆயிடுச்சு.”

அறை மூலையில், கதவுக் கம்பியோடு ஒரு கை விலங்கு பூட்டப்பட்டு செலோம் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. மூக்குக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி இறங்க, அதை ஏற்றிவிட விலங்கு மாட்டிய கையையே தூக்கித் தூக்கி ஏமாந்துகொண்டிருந்தான். அராபா குனிந்து அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

“அன்னைக்கு என்ன தம்பி பண்ணினே?”

“பேருக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டேன், ஆன்ட்டி.”

“எழுதிக்கிட்டேன்!” என்றார் போவாடு. “ஒத்துக்கிட்டான்!”

“இன்டெக்ஸ்னா என்னன்னு தெரியுமா உனக்கு?” என்று அராபா கேட்டாள்.

“தெரியாது மேடம். ஆனா போட்டிருக்கான்ல?”

அராபாவுக்கும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியாததை இன்ஸ்பெக்டர் முன்னால் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. சுமானியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். வடக்கே தமாலேயிலிருந்து வந்தவன் அவன். கணினி படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வாயை மட்டும் மூலதனமாகக் கொண்டு அவளிடம் சேர்ந்தவன்.

“உங்க சர்ச்சுப் பாட்டுப் புத்தகம் இருக்குல்ல, ஆன்ட்டி? ஒரு பாட்டு எங்க இருக்குன்னு பாக்கணும்னா முதல் பக்கத்துலேர்ந்தா புரட்டுவீங்க? கடைசியில அகரவரிசையில இருக்கும். அதைப் பாத்து நேரா அந்தப் பக்கத்துக்குப் போவீங்க. அந்தக் கடைசிப் பக்கம்தான் இன்டெக்ஸ். அது இருந்தா தேடறது வேகமாகும்.”

“வேகமாகும். மெதுவாகாது,” என்றாள் அராபா.

“காலேஜ் புத்தகத்துல எழுதியிருக்கிறபடி மெதுவாகக்கூடாது,” என்றான் சுமானி.

“அதான் ஆன்ட்டி நானும் சொல்றேன்!” செலோம் விலங்கை இழுத்தான். “வேகமாகட்டும்னுதான் போட்டேன். போட்டும் படுத்துடுச்சு. ஏன்னு சத்தியமாத் தெரியல.”

அராபா கணினி இருந்த மேசைமேல் சாய்ந்துகொண்டாள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு சந்தைத் திருட்டில் அவள் கற்றது ஒன்றுண்டு. ‘எல்லாம் போச்சு’ என்று அழுகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘எது போகவில்லை’ என்பதுதான்.

“சுமானி, இந்தக் கணினி என்னென்ன வேலை செய்யுது? ஒவ்வொண்ணா செய்யச் சொல்லிப் பாரு. எது ஓடுது, எது படுக்குதுன்னு சொல்லு.”

சுமானி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். புதிதாக ஒருவரைப் பதிவு செய்தான். கண் சிமிட்டுவதற்குள் ஏறியது. ரசீது அச்சடித்தான். சடசடவென்று வந்து விழுந்தது. குளிர் அறையின் வெப்பநிலையைக் கேட்டான். உடனே சொன்னது.

“ஆள் நல்லாத்தான் இருக்கான் ஆன்ட்டி. நல்லா சாப்பிடறான், நடக்கறான், சிரிக்கறான். வேலைக்குக் கூப்பிட்டா மட்டும் வயித்து வலிங்கறான்.”

“எந்த வேலைக்கு?”

“தேடற வேலைக்கு. அது ஒண்ணுதான்.”

“அப்ப மெஷினை விட்டுடு. அது நிரபராதி. தேடற இடத்துக்குப் போவோம்.”

முன் கூடத்தில் வரவேற்பு மேசை. அதன் பின்னால் அஃப்ரியே என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மேலே, சுவர் முழுக்கத் தங்க நிறத்தில் ஒரு வாசகம்: ‘இந்த வீட்டில் யாரும் எண் அல்ல.’ எழுத்துகள் பளபளத்தன. அதற்குக் கீழே சிவப்பு முண்டாசு கட்டிய ஒரு கிழவி, இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பின்னால் அவள் குடும்பம், குடும்பத்துக்குப் பின்னால் மேளம்.

“எத்தனை தடவை சொல்றது? கோஃபி! கோஃபி அம்போன்சா! என் புருஷன்!”

“இதுல முதல் பேரை மட்டும்தான் தட்ட முடியும். தேடிட்டிருக்கேன்மா,” என்றாள் அஃப்ரியே. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றியது. சுமானி ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துக் குடித்து முடித்தான். வட்டம் இன்னும் சுற்றியது. கடைசியில் புகைப்படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன.

“இவரா பாருங்க?”

“இல்ல.”

“இவரா?”

“இல்ல.”

“இவரு?”

“இல்ல... ஐயோ, இது எங்க பழைய வாத்தியார்! இவர் எப்ப போனாரு?”

கூட்டத்திலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்து, அவர்களும் அந்த வாத்தியாரிடம் படித்தவர்கள் என்று தெரிந்து, அங்கேயே கொஞ்சம் அழுதார்கள். வரிசை மேலும் நீண்டது.

அடுத்து வந்தது வடக்கத்திக் குடும்பம். தொப்பி வைத்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: “நஷிரு.”

அஃப்ரியே தட்டி முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. அறை, தட்டு, எல்லாம். பெரியவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். கிழவிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“அவர் ஆளுக்கு மட்டும் எப்படி உடனே வருது?”

இந்தக் கேள்வியைப் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் போவாடுவும் கேட்டார். கேட்டதோடு நிறுத்தவில்லை, பதிலையும் கண்டுபிடித்துவிட்டார். கரண்டியை நீட்டியபடி சொன்னார்: “புரிஞ்சுது மேடம்! செலோம் நம்ம ஆளா? இல்ல. கிழக்குக்காரன். நம்ம அசாந்தி இனத்து ஆளுங்களை மட்டும் மெதுவாக்கியிருக்கான்! இது சாதாரண நாசவேலை இல்ல. அரசியல்!”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நல்ல முணுமுணுப்பு இல்லை. இந்த மாதிரி முணுமுணுப்பு எங்கே போய் முடியும் என்று அராபாவுக்குத் தெரியும்.

“எங்க சித்தப்பா கோஃபி அக்பேகோ போன வாரம் இங்கதான் இருந்தாரு!” என்று உள்ளறையிலிருந்து செலோமின் குரல் வந்தது. “அவரும் எங்க ஆளுதான்! அவரைத் தேடவும் அதே நேரம்தான் ஆச்சு! எங்க சித்தி என்னைத் திட்டின திட்டு உங்களுக்குத் தெரியுமா?”

சிலர் சிரித்தார்கள். முணுமுணுப்பு கரைந்தது. போவாடு கரண்டியை இறக்கினார்.

“சரி,” என்றாள் அராபா. “அவன் போட்ட இன்டெக்ஸை எடுத்துட்டுப் பாப்போம்.”

சுமானி உள்ளே போய் எடுத்தான். அஃப்ரியே மறுபடி ‘கோஃபி’ என்று தட்டினாள். வட்டம் சுற்றியது. மேளக்காரன் கொட்டாவி விட்டான். ஆனால் இந்த முறை, கொஞ்சம் முன்னதாகவே படங்கள் வந்து விழுந்தன. பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் வித்தியாசம்.

உள்ளறைக் கதவருகிலிருந்து எட்டிப் பார்த்த செலோமின் முகம் சாம்பலாகிவிட்டது. போவாடுவின் முகம் மலர்ந்தது.

“அவன் போட்டதை எடுத்தா வேகமாகுது! இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?”

“அப்படி ஆகவே கூடாதே...” செலோம் முனகினான். “இன்டெக்ஸ் போட்டா மெதுவாகாதே...”

அராபா சுமானியை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

“சொல்லு.”

“சொல்ல ஒண்ணுமில்ல ஆன்ட்டி. பையனுக்கு உதவி பண்ணப் போய் நாமளே விலங்கை இறுக்கிட்டோம்.”

அராபா கூட்டத்தைப் பார்த்தாள். நஷிருவுக்கு உடனே வருகிறது. கோஃபிக்கு வரவில்லை. கடைசிப் பக்கம் பார்த்துத் தேடினால், நேராகப் பக்கத்துக்குப் போகலாம். பாட்டுப் புத்தகம்... அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“சுமானி, பாட்டுப் புத்தகத்துல ஒரு பாட்டோட முதல் வரியைத் தேடினா சரி. ‘கர்த்தர்’ங்கற சொல்லைக் கடைசிப் பக்கத்துல தேடினா?”

“எல்லாப் பாட்டுலயும்தான் கர்த்தர் இருப்பாரே. பக்கம் பக்கமா நம்பர் போட்டிருக்கும். ஒண்ணைப் பாத்துட்டு அந்தப் பக்கத்துக்கு ஓடணும், திரும்பக் கடைசிக்கு வரணும், அடுத்ததுக்கு ஓடணும்...” சுமானியின் குரல் நின்றது. கண் பெரிதானது. “அதுக்கு முதல்லேர்ந்து புத்தகத்தை ஒரே மூச்சா படிச்சிடறதே மேல்!”

“அதான் இன்டெக்ஸை எடுத்ததும் வேகமாச்சு.”

அராபா வராந்தாவின் விளிம்புக்குப் போனாள். வாய்க்கு இருபுறமும் கை வைத்து, பழைய பரேடு மைதானக் குரலில் கூப்பிட்டாள்:

“கோஃபி!”

வாசலில் நின்ற ஆண்களில் ஒரு பெரும் பகுதி திரும்பியது. டிரம்பெட்காரன் திரும்பினான். சவ வண்டி ஓட்டுநர்கள் நாலைந்து பேர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். வறுவல் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் “இதோ!” என்றார்கள். அவளுக்குப் பின்னால், வாசற்படியில், “யாரு கூப்பிட்டது?” என்று வாக்யேயோடு எட்டிப் பார்த்தார் இன்ஸ்பெக்டர்.

“உன் பேரும் கோஃபியா?” என்றாள் அராபா.

“வெள்ளிக்கிழமை பொறந்தேன் மேடம். வேற என்ன பேர் வைப்பாங்க?”

அராபா மறுபடி வாசல் பக்கம் திரும்பினாள். “நஷிரு வீட்டுக்காரங்க!”

தொப்பிக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

சுமானி தரையில் உட்கார்ந்து சிரித்தான். “ஆன்ட்டி, நான் இதைச் சொல்லியிருக்கணும்! நான்தான் இந்த ஊர் ஆள் இல்லையே. உங்க ஆளுங்க பொறந்த கிழமையையே பேரா வச்சுடறீங்க. ஆம்பளைக்கு ஏழு, பொம்பளைக்கு ஏழு. மொத்த ஊரையும் பதினாலு பேருக்குள்ள அடக்கிட்டு, அதுல ஒருத்தரைத் தேடுன்னு மெஷினைச் சொன்னா, பாவம், அது எங்க போகும்? உங்க பேரே செவ்வாய்க்கிழமைதானே!”

“செலோமுக்கு இது ஏன் தோணல?”

“அவனுக்கும் ஒரு கிழமைப் பேர் இருக்கும் ஆன்ட்டி. அவங்க பக்கமும் இதே கதைதான். தினமும் பாக்கறதை யாரு பாப்பாங்க?” சுமானி எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான். “இன்னொண்ணு. இந்த மெஷின்ல, வந்தவங்க எல்லாரும் இருக்காங்க. போனவங்களும் இருக்காங்க. இல்லம் திறந்த நாள்லேர்ந்து அடக்கம் பண்ணினவங்க ஒருத்தரையும் விடல. ‘கோஃபி’ன்னு தட்டினா, உள்ள படுத்திருக்கிற கோஃபி மட்டும் இல்ல, வருஷக் கணக்கா புதைச்ச அத்தனை கோஃபியும் எழுந்து, போட்டோ எடுத்துக்கிட்டு, வரிசையில வந்து நிக்கறான்.”

அராபா உள்ளே போனாள். மேசை முன் நின்ற ஒவ்வொருவர் கையையும் பார்த்தாள். எல்லோர் கையிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன அட்டை. எல்லோரும் அதை அஃப்ரியேயிடம் நீட்டினார்கள். அவள் பார்க்காமலேயே ஒதுக்கினாள். அராபா கிழவியின் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஆளை உள்ளே எடுத்துக்கொண்ட அன்று கொடுத்த அட்டை. அதில் ஓர் எண். அதே எண் உள்ளே அவர் கால் பெருவிரலிலும் தொங்கும்.

“இந்த எண் வேற யாருக்காவது இருக்குமா?”

“இருக்காது மேடம்,” என்றாள் அஃப்ரியே. “ஒருத்தருக்கு ஒண்ணுதான்.”

“அப்ப இதைத் தட்ட வேண்டியதுதானே?”

“முன்ன தட்டிட்டுத்தான் இருந்தோம். திரையில அதுக்கு இருந்த பெட்டியை எடுத்துட்டாங்க. இப்ப பேர் மட்டும்தான்.” அவள் பாடம் ஒப்பிப்பவள் போல நிமிர்ந்தாள். “இந்த வீட்டில் யாரும் எண் அல்ல.”

அராபா தலைக்கு மேலிருந்த தங்க எழுத்தை நிமிர்ந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். பெயின்ட் புதியது. நானா செர்வாவின் சுவரில், நானா செர்வா சொல்லாமல் ஒருவன் ஆணி அடிக்க முடியுமா?

உள்ளறைக்குப் போய் செலோமின் எதிரே நாற்காலியைப் போட்டாள். நானாவும் வந்து நின்றாள். போவாடு பொட்டலத்தை மடித்தார்.

“எண் தட்டற பெட்டியை யாரு எடுக்கச் சொன்னது, தம்பி?”

செலோம் தரையைப் பார்த்தான். ஆனால் தரைக்குப் போகும் வழியில் அவன் கண்கள் ஒரு கணம் தங்க வளையல்களில் தடுக்கி விழுந்தன. அராபாவுக்கு அது போதும்.

“விலங்கு மாட்டினப்பகூட இதைச் சொல்லலையே நீ?”

“சாட்சிக்கு ஆள் வச்சுக்கிட்டு நானாவை நோக்கி விரலை நீட்டறதா?” என்றான் செலோம் மெதுவாக. “அதுக்கப்புறம் இந்த ஊர்ல எனக்கு எவன் வேலை குடுப்பான் ஆன்ட்டி? எங்க அம்மாவே வீட்டுக்குள்ள விடமாட்டா.”

நானாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தேவாலய மணி அடிக்க இன்னும் அதிக நேரம் இல்லை.

அராபா கரையோரத்துக்காரி. ஆனாலும் குமாசியில் பெரியவர்களிடம் கசப்பானதை எப்படிச் சொல்வார்கள் என்று அறிந்தவள். நேராக முகத்தில் எறிவதில்லை. நடுவில் ஒருவரை நிறுத்தி, அவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பார். அவள் நாற்காலியைத் திருப்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“இன்ஸ்பெக்டர், நானாகிட்ட சொல்லுங்க. இறந்தவங்களை மரியாதையா பேர் சொல்லித் தேடணும்னு ஒரு உத்தரவு வந்திருக்கு. நல்ல மனசு உள்ளவங்க போட்ட உத்தரவு. ஆனா மரியாதை எல்லாக் கோஃபிக்கும் ஒண்ணுதான். அதனால எந்தக் கோஃபின்னு மெஷினுக்குத் தெரியல.”

போவாடு விழித்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பினார். “நானா, மேடம் என்ன சொல்றாங்கன்னா...”

“கேட்டுச்சு,” என்றாள் நானா. அவளும் இன்ஸ்பெக்டரைத்தான் பார்த்தாள். “மேடம்கிட்ட சொல்லு. எங்க அண்ணன் ஹெட்மாஸ்டர். பாதி குமாசிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தவர். போன மாசம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அவர் உடலை வாங்கப் போனேன். அங்க ஒருத்தன் ‘நூத்திப் பதினேழை இழு!’ன்னு கத்தினான். எங்க அண்ணனை. மூட்டை இழுக்கற மாதிரி. அன்னைக்கே வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னேன். அது குத்தமான்னு கேளு.”

போவாடு இந்தப் பக்கம் திரும்பினார். “மேடம், அது குத்தமா?”

அராபா விலங்கைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள். இதில் ஒரு பையனின் கைவிலங்கும் இருந்தது, ஒரு ஹெட்மாஸ்டரின் மானமும் இருந்தது.

“குத்தம் இல்லைன்னு சொல்லுங்க. ஆனா எண் அந்த மனுஷனுக்கு இல்ல. அவர் படுத்திருக்கற கட்டிலுக்கு. கட்டிலுக்கு எண் இருந்தா கட்டில் கோச்சுக்காது. மனுஷனை வழியனுப்பறப்ப முழுப் பேர் சொல்லி, குடும்பப் பேர் சொல்லி, எழுந்து நின்னு அனுப்பட்டும். தேடறப்ப மட்டும் கட்டிலைத் தேடட்டும்.”

போவாடு வாயைத் திறந்தார். நானா வளையலை அசைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தாள். வண்டிகள், மேளம், சிவப்பு முண்டாசு.

“மேடம்கிட்ட சொல்லு,” என்றாள் கடைசியில். “ஹோட்டல்ல தங்கற மந்திரிக்குக்கூட ரூம் நம்பர் உண்டுன்னு. அதுல மரியாதைக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. இது நானே யோசிச்சதுதான்.”

“நானாவே யோசிச்சதுதான், மேடம்,” என்றார் போவாடு.

“அப்படித்தான் எனக்கும் தோணிச்சு,” என்றாள் அராபா.

“சுவத்துல எழுதினது அப்படியே இருக்கும்.”

“இருக்கட்டும்.”

போவாடு சாவியைத் தேடி எடுத்து விலங்கைத் திறந்தார். செலோம் முதலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். பிறகு சுமானியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ‘கட்டில் எண்’ என்று ஒரு பெட்டியைத் திரையில் வைத்தான். போனவர்களை விட்டுவிட்டு, இப்போது உள்ளே இருப்பவர்களிடம் மட்டும் தேடும்படி ஒரு வரி எழுதினான். தான் பெருமையாகப் போட்ட கிழமைப் பேர் இன்டெக்ஸ் இருந்த இடத்தை ஒரு தடவை வருத்தமாகப் பார்த்தான்.

“துக்கம் கொண்டாடாதே,” என்றான் சுமானி. “வெளியில பேண்டு ரெடியாத்தான் இருக்கு, வேணும்னா சொல்லு.”

முன் கூடத்தில் அஃப்ரியே மஞ்சள் அட்டையைப் பார்த்து எண்ணைத் தட்டினாள். விரலை எடுப்பதற்குள் படம் வந்தது. சிவப்பு முண்டாசுக் கிழவி நம்பவில்லை.

“இவ்வளவு சீக்கிரம் வந்தா வேற யாராவதாத்தான் இருக்கும்.”

“பாருங்கம்மா.”

கிழவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரையைத் தொட்டாள். குரல் இளகியது. “அவரேதான். உயிரோட இருந்தப்பகூட கூப்பிட்டதும் இப்படி வந்ததில்ல.”

அஃப்ரியே எழுந்து நின்று, “பெரியவர் கோஃபி அம்போன்சா!” என்று முழுப் பெயரையும் கணீரென்று அறிவித்தாள். மேளம் கிளம்பியது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர, வறுவல்காரியின் வியாபாரம் படுத்தது. அவள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினாள்.

மணி அடித்தபோது நானா செர்வா உள்ளறை வாசலில் நின்றாள். செலோம் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“இனிமே நான் ஏதாவது தப்பா சொன்னா,” என்றாள் நானா, “தடுக்க வேண்டியது உன் பொறுப்பு.”

“சரி, நானா.” அவன் தயங்கினான். “அன்னைக்கே தடுத்திருந்தா?”

“அன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பேன்.”

சிரிக்காமல் சொல்லிவிட்டு, வளையல்கள் குலுங்க வாசலுக்குப் போய், கிளம்பும் வண்டிகளுக்குத் தலை குனிந்து விடை கொடுத்தாள்.

செலோம் சிவந்துபோன மணிக்கட்டைத் தடவியபடி அராபாவைப் பார்த்தான். “ஆன்ட்டி, இப்ப எனக்கு வேலை இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“இது மன்னிப்பா, மிரட்டலா?”

“இந்த வீட்டுல ரெண்டுக்கும் ஒரே பேர்தான் போல,” என்றாள் அராபா, கைப்பையை எடுத்துக்கொண்டே. “எதுன்னு தேட ஆரம்பிக்காதே. நேரமாகும்.”